பன்னிரண்டாவது கட்டம்

போன வாரம் நாம் நூலகப் பின்னறையின் கதவைச் சாத்திக்கொண்டு வந்தபோது, மேசைமேல் பத்தொன்பது விண்ணப்பங்கள் இருந்தன. பதினெட்டு முடிந்துவிட்டன. ஒன்று பாதியில் கிடந்தது. அந்த ஒன்று பாப்பாவுடையது.

பாப்பா என்றதும் யாரும் தொட்டிலைத் தேட வேண்டாம். அவளுக்கு முப்பத்தாறு வயது. காதோரம் நரைத்திருக்கிறது. கல்யாணமாகிப் போய் ஒன்றரை வருடத்தில் திரும்பி வந்து, அண்ணன் வீட்டில் இருக்கிறாள். வீட்டில் அவளுக்கு வேறு பெயர் வைக்க யாருக்கும் தோன்றாததால் இன்றைக்கும் பாப்பாதான். அவளுடைய அண்ணிதான் நம் ஃபாரம் டீச்சர்.

டீச்சரும் பட்டப்பெயர்தான். அவள் எந்தப் பள்ளியிலும் பாடம் நடத்தியவள் இல்லை. நகர நூலகத்தின் பின்பக்கம், பழைய செய்தித்தாள் கட்டுகளைத் தள்ளிவிட்டு இடம் பண்ணிய ஓர் அறையில் உட்கார்ந்து, படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்குச் சமநிலைத் தேர்வுக்கு விண்ணப்பம் போட உதவுகிறாள். தேறினால் உயர்நிலைப் பள்ளி முடித்ததற்குச் சமம். தேர்வு வருடத்துக்கு ஒரே ஒரு முறை. விட்டால் அடுத்த வருடம்தான்.

டீச்சருக்கு ஒரு வழக்கம் உண்டு. எல்லாருடைய விண்ணப்பத்தையும் முதலில் பென்சிலில் அவளே எழுதிவிடுவாள். அதன்மேல் அவரவர் பேனாவால் எழுத வேண்டும். விண்ணப்பதாரர் கையெழுத்தில் இல்லாத விண்ணப்பத்தைத் தேர்வு அலுவலகம் திருப்பிவிடும். தனியாக எழுதச் சொன்னாலோ பாதிப் பேருக்குக் கை நடுங்கும். பென்சில் கோடு இருந்தால் நடுங்காது.

பன்னிரண்டாவது கட்டம்தான் அவளுக்கு மனப்பாடம். "பள்ளிப் படிப்பை நிறுத்தியதற்கான காரணம்." முன்பு ஒரு வருடம், கட்டட வேலை செய்கிற பெண் ஒருத்தி அதில் வாத்தியார் அடித்ததால் நின்றேன் என்று உள்ளதை எழுதிவிட்டாள். தேர்வு அலுவலகத்தில் விண்ணப்பம் வாங்குகிற கண்ணாடிக்காரர் அதற்கு ஆதாரம் கேட்டார். ஆதாரத்துக்கு எங்கே போவது? அந்த வருடம் அவளுக்குப் போயிற்று. அன்றிலிருந்து டீச்சர் யாரையும் காரணம் கேட்பதில்லை. பெயர் எழுதும் முன்பே பன்னிரண்டாவது கட்டத்தில் "குடும்பச் சூழ்நிலை" என்று எழுதிவிடுவாள். எட்டு வருடமாக எழுதி எழுதி, அந்த இரண்டு வார்த்தையில் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா என்று அவள் யோசிப்பதையே விட்டுவிட்டாள்.

பாப்பாவுக்கு இது விளையாட்டுக் காரியமில்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினொரு வருடமாக விரிப்பு துவைக்கிறாள். புது இயந்திரங்கள் வரப்போகின்றன. பள்ளி முடித்த சான்று இல்லாதவர்களுக்கு அடுத்த வருடம் வேலை இல்லை என்று பலகையில் ஒட்டிவிட்டார்கள். இந்த வருடத் தேர்வை விட்டால் அண்ணன் கையை எதிர்பார்த்துக்கொண்டு மூலையில் உட்கார வேண்டியதுதான். அதைப் பாப்பாவே சொன்னாள், அழாமல்.

அவள் விண்ணப்பத்துக்கு இல்லாதது ஒரு தாள்தான். பழைய பள்ளியின் விடுகைச் சான்றிதழ். அதைப்பற்றிக் கேட்டபோதெல்லாம் அண்ணன், அதாவது டீச்சரின் கணவன், ஒரே பதிலைச் சொன்னான். வீடு மாறியபோது தொலைந்துவிட்டதாம். அப்படியானால் நகல் வாங்கலாமே என்றதற்கு, இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று சிரித்தான். டீச்சர் அவனிடம் சொல்லாமல் பள்ளிக்கு இரண்டு கடிதம் போட்டாள். பதில் இல்லை. இன்று கடைசி நாள். மாலை ஐந்து மணிக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும்.

காலையிலேயே பத்தொன்பதையும் பையில் போட்டுக்கொண்டு அவள் பள்ளிக்குக் கிளம்பினாள். மூன்று முறை சரிபார்க்காமல் எதையும் கொடுக்க மாட்டாள், அதனால் எல்லாமே கடைசி நாள்வரை அவளிடமேதான் இருக்கும். அந்தப் பதினெட்டுப் பேரின் வருடமும் இப்போது அவள் தோளில் தொங்கியது.

பள்ளி நகரத்தின் அந்தக் கோடியில். ஆவண அறையில் இருந்த எழுத்தர் அம்மாவுக்குப் பாப்பாவின் வயதுதான் இருக்கும். கடிதம் எதுவும் தன் மேசைக்கு வரவில்லை என்று வருத்தப்பட்டாள். பெயரையும் வருடத்தையும் கேட்டுக்கொண்டு, தூசு தட்டி ஒரு பெரிய பதிவேட்டை எடுத்துவந்து விரித்தாள். விரல் கீழே இறங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றது.

"நீங்க அவளுக்கு என்ன வேணும்?"

அண்ணி என்றாள் டீச்சர்.

"இறந்தவங்களுக்கு எதுக்குங்க சர்டிபிகேட்?"

வரி தவறிப் பார்த்துவிட்டாள் என்றுதான் டீச்சர் முதலில் நினைத்தாள். எழுத்தர் பதிவேட்டைத் திருப்பி வைத்தாள். பாப்பாவின் பெயர் சரி. தகப்பன் பெயர் சரி. பிறந்த தேதி சரி. ஒன்பதாம் வகுப்பு. விலகிய காரணம் என்ற இடத்தில், அழகான வட்ட எழுத்தில், மாணவி காலமானார் என்று இருந்தது. தகவல் தந்தவர், அண்ணன். பக்கத்தில் கையெழுத்து.

அந்தக் கையெழுத்தை டீச்சருக்குத் தெரியும். கடைசி எழுத்திலிருந்து வாலை இழுத்துத் தன் பெயருக்குத் தானே அடிக்கோடு போட்டுக்கொள்கிற கையெழுத்து. கல்யாணப் பதிவில் அவள் பெயருக்கு மேலே இருப்பது அதுதான். பதினேழு வயதிலும் வால் அதே நீளம் இருந்தது.

எழுத்தர் மெல்லிய குரலில் பேசிக்கொண்டே போனாள். அவளும் அதே வகுப்பில் படித்தவளாம். பாப்பாவுக்குப் பக்கத்து இடமாம். காலைக் கூட்டத்தில் முழுப் பள்ளியும் ஒரு நிமிடம் மௌனமாக நின்றதாம். வருடம் முடியும்வரை அந்த இடத்தில் யாரையும் உட்காரவிடவில்லையாம்.

"அவங்க அண்ணன் மேடைக்குப் பக்கத்துல நின்னாரு. தலைய குனிஞ்சுக்கிட்டு. பாவமா இருந்துச்சு எங்களுக்கு."

"அவ உயிரோட இருக்கா. இன்னைக்குக் காலைல எனக்கு டீ போட்டுக் குடுத்தா" என்றாள் டீச்சர்.

எழுத்தர் அந்த வரியை இன்னொரு முறை படித்துப் பார்த்தாள். பிறகு இரண்டு பேருமாக இன்னொரு கோப்பைத் தேடி எடுத்தார்கள். அதில் எல்லாம் இருந்தது. ஓர் அறக்கட்டளை, வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று படிப்பு முடியும்வரை உதவி கொடுத்துவந்தது. அந்த வீட்டில் அது பாப்பாவுக்கு. அவள்தான் வகுப்பில் முதல். உதவி பெறுகிற பிள்ளை படிப்பை நிறுத்தினால் அந்த வீட்டுக்கே உதவி நின்றுவிடும். பிள்ளை இறந்துபோனால் மட்டும் அடுத்த பிள்ளைக்கு மாறும். பாப்பா காலமான ஒன்பதாம் நாள் உதவி அண்ணன் பெயருக்கு மாறியிருந்தது.

தலைமை ஆசிரியை கறாரான மனுஷி, ஆனால் கெட்டவள் இல்லை. இரண்டு வழி சொன்னாள். தகவல் தந்தவரே நேரில் வந்து, தவறாகச் சொல்லிவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் பதிவேட்டைத் திருத்திவிட்டு அப்போதே நகல் தரலாம். விஷயம் பள்ளிக்குள்ளேயே முடிந்துவிடும். அவர் வராவிட்டால், அந்தப் பெண்ணே வந்து பொய்த் தகவல் தந்தவர் இன்னார் என்று புகார் எழுத வேண்டும். கையெழுத்தை அடையாளம் காட்ட ஒரு சாட்சியும் வேண்டும். அதற்கும் நகல் கிடைக்கும். ஆனால் புகார் மறுநாள் காலை பத்து மணிக்குக் கல்வி அலுவலகத்துக்குப் போகும். அங்கிருந்து போலீஸுக்கும், அவர் வேலை பார்க்கிற இடத்துக்கும் போகும்.

பள்ளி அலுவலகம் நான்கு மணிவரை.

டீச்சரின் கணவன் பஸ் டிப்போவில் நேரக்காப்பாளன். வாசலில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் அவன், அவன் முன்னால் ஒரு நீளப் பதிவேடு. எந்த வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று எழுதுவது அவன் வேலை. ஓட்டுநர்கள் அவனை எமகண்டம் என்பார்கள். மேற்பார்வையாளர் பதவிக்கு அவன் பெயர் பட்டியலில் முதலில் இருந்தது. அடுத்த மாதம் உத்தரவு வரவேண்டும்.

பள்ளியிலிருந்து வருவதாக டீச்சர் சொன்னதும், எந்தப் பள்ளி என்று அவன் கேட்கவில்லை. பேனாவை மூடி வைத்தான். ஒரு வண்டிக்குக் கை காட்டி அனுப்பினான். அடுத்த வண்டிக்கும் கை காட்டினான். அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தான்.

அப்பா முதுகெலும்பு உடைந்து படுத்திருந்தார். அம்மா இரண்டு இடத்தில் வேலை பார்த்தாள். அப்பாவைப் புரட்டிப் போட, ஊட்ட, வீட்டில் ஒரு ஆள் வேண்டும். அது பாப்பாதான் என்று யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை, அவளைக் கேட்கவும் இல்லை. தானாக அப்படி ஆயிற்று. அவள் நின்றால் உதவியும் நிற்கும். அவனுக்குப் பள்ளி இறுதித் தேர்வு இரண்டு மாதத்தில். பள்ளியில் கொடுத்த தாளில் மூன்று காரணம் அச்சடித்திருந்தது. அவன் மூன்றாவதில் குறி போட்டான். அம்மாவுக்குக் கையெழுத்து வராது, அதனால் அவனே போட்டான். அம்மாவுக்குத் தெரியும். அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது. மறுமாதமே வீட்டை மாற்றிக்கொண்டு நகரத்தின் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள்.

"நான் அத எழுதலன்னா ரெண்டு பேருமே போயிருப்போம்" என்றான்.

அது உண்மைதான். உண்மையாக இருந்ததுதான் டீச்சருக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. கூடவே வெட்கமும் வந்தது. அந்தப் படிப்பில் வந்த வேலை, அந்த வேலையில் வந்த சம்பளம், அந்தச் சம்பளத்தில் பதினைந்து வருடமாக அவளும்தானே குடும்பம் நடத்துகிறாள்.

தலைமை ஆசிரியை சொன்ன இரண்டு வழியையும் டீச்சர் சொன்னதும் அவன் கெஞ்சினான். கெஞ்சி அவள் பார்த்ததில்லை. அடுத்த மாதம் உத்தரவு வந்துவிடட்டும், அடுத்த வருடம் தானே பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் எல்லாம் சரி செய்கிறேன் என்றான். அடுத்த வருடம் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை இருக்காது என்றாள் டீச்சர்.

"நான் சோறு போடாம விட்டுடுவேனா அவளுக்கு?"

"சோறா கேட்டா அவ?"

அவன் கூண்டுக்கு வெளியே யாராவது கேட்கிறார்களா என்று பார்த்தான். "அவகிட்ட சொல்லாத. வேற என்ன வேணா சொல்லிக்கோ. இத மட்டும் சொல்லாத."

நான்கு மணிவரை அலுவலகம் திறந்திருக்கும் என்று சொல்லிவிட்டு டீச்சர் இறங்கினாள்.

சலவைக்கூடத்துக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து அவள் மூன்று பொய் தயார் செய்தாள். பதிவேட்டைக் கரையான் தின்றுவிட்டது. எழுத்தர் விடுப்பில் இருக்கிறார். பள்ளியில் தீப்பிடித்துப் பழைய தாளெல்லாம் போயிற்று. மூன்றும் நம்பும்படியாகத்தான் இருந்தன. இரண்டு மணிக்கு வேலை முடிந்து பாப்பா வெளியே வந்தாள். முழங்கைவரை ஈரம். விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. அந்தக் கையில் ஒரு புதுப் பேனா. எழுதுகிறதா என்று உள்ளங்கையிலேயே கிறுக்கிப் பார்த்திருந்தாள்.

"கெடைச்சிடுச்சா அண்ணி?"

டீச்சர் மூன்று பொய்யையும் விட்டுவிட்டு உள்ளதைச் சொன்னாள். நின்ற இடத்திலேயே, சுவரோரமாக, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அறக்கட்டளை, மூன்றாவது காரணம், மேடைக்குப் பக்கத்தில் நின்ற அண்ணன். எல்லாவற்றையும்.

பாப்பா முதலில் சிரித்தாள். அண்ணி கிண்டல் பண்ணுகிறாள் என்ற சிரிப்பு. அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. ஆத்திரப்படுவாள், அழுவாள் என்று டீச்சர் காத்திருந்தாள்.

"ஒருத்தி கூட என்னத் தேடி வரல அண்ணி. அதுக்கு எத்தனை வருஷம் அவளுங்க மேல கோவமா இருந்தேன் தெரியுமா? மௌனமால்ல நின்னிருக்காளுங்க."

அவ்வளவுதான் சொன்னாள். பஸ் வந்தது, ஏறினார்கள். வழி முழுக்கப் பாப்பா ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள்.

பள்ளிக்குப் போய்ச் சேரும்போது மூன்று மணி தாண்டிவிட்டது. ஆவண அறை வாசலில் எழுத்தர் நின்றிருந்தாள். பாப்பாவைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். கிட்டே வந்து தோளைத் தொட்டுப் பார்த்தாள், கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"நீ குண்டாயிட்டடி" என்றாள் பாப்பா.

இரண்டு பேரும் அழுதார்கள். டீச்சர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு வெளிக்கதவைப் பார்த்தாள். எதிரில் பஸ் நிற்கிற இடம். ஒரு வண்டி வந்தது. இறங்கியவர்களில் அவன் இல்லை. இன்னொன்று வந்தது. அதிலும் இல்லை. வந்துவிடுவான் என்றே அவள் நம்பினாள். எத்தனை குறை இருந்தாலும் கல்நெஞ்சன் இல்லை அவன். காய்ச்சல் வந்தால் பாப்பாவுக்கு மாத்திரை வாங்கிவர மழையில் ஓடியவன்.

மூன்றே முக்காலுக்குத் தலைமை ஆசிரியை உள்ளே கூப்பிட்டாள். இதற்குமேல் காத்திருந்தால் முத்திரை வைக்க நேரமிருக்காது என்றாள். புகார்த் தாளை மேசையில் வைத்தாள். பொய்த் தகவல் தந்தவரின் பெயர் என்ற இடம் காலியாக இருந்தது. அதன் கீழே சாட்சியின் கையெழுத்துக்கு இடம். நாளைக் காலை பத்து மணிக்கு இது எங்கெங்கே போகும் என்பதையும் மறுபடி ஒரு முறை பாப்பாவிடம் தெளிவாகச் சொன்னாள்.

பாப்பா புதுப் பேனாவைத் திறந்தாள். தாளில் வைத்தாள். எடுத்தாள்.

"வேணாம் அண்ணி. வாங்க போலாம். அண்ணனுக்கு வேலை போயிடும்."

"உன் வேலை?"

"பழகிக்குவேன்."

பழகிக்கொள்வாள்தான். அதில் டீச்சருக்குச் சந்தேகமே இல்லை. பதினான்கு வயதில் பழகியவள், முப்பத்தாறு வயதிலும் பழகிவிடுவாள். அடுத்த வருடம் அடுப்படிக்கும் பின்கட்டுக்கும் நடந்துகொண்டு, எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்துக்கொண்டு இருப்பாள். கணவன் பெயர் பட்டியலில் முதலில் இருக்கிறது என்பதும் நினைவுக்கு வந்தது. அதை நினைத்துத்தான் கை கொஞ்ச நேரம் தாமதித்தது. இதை மறைக்க வேண்டியதில்லை.

பிறகு பையைத் துழாவி, காதறுந்த அந்தப் பையின் அடியிலிருந்து பென்சிலை எடுத்தாள். தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். காலியாக இருந்த இடத்தில் தன் கணவனின் பெயரை, பிறர் விண்ணப்பத்தில் எழுதுவதுபோலவே, மெலிதாக, நிறுத்தி நிறுத்தி எழுதினாள். தாளைப் பாப்பா பக்கம் திருப்பி வைத்தாள்.

"அது மேல எழுது."

பாப்பா அண்ணியைப் பார்த்தாள். டீச்சர் கண்ணை எடுக்கவில்லை. பென்சில் கோட்டின்மேல் பேனா நகர்ந்தது. ஒவ்வோர் எழுத்தாக. கை நடுங்கவில்லை. முடித்ததும் டீச்சர் அதே பேனாவை வாங்கி, சாட்சி என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

நான்கு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது விடுகைச் சான்றிதழின் நகல் கைக்கு வந்தது. பதிவேட்டில் காலமானார் என்ற வார்த்தையைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் தலைமை ஆசிரியை சுருக்கொப்பமிட்டாள். பாப்பா அதை நின்று பார்த்தாள்.

தேர்வு அலுவலகத்தில் வரிசை வாசல்வரை வந்திருந்தது. கடைசி நாளில் எங்கேயும் அப்படித்தான். வரிசையில் நின்றபடியே, அண்ணியின் பையைப் பலகையாக வைத்துக்கொண்டு, பாப்பா தன் விண்ணப்பத்தின் மேல் மை ஏற்றினாள். பன்னிரண்டாவது கட்டம் வந்தது. டீச்சர் அழிப்பானைக் கையில் எடுத்துவிட்டாள். வேறு ஏதாவது எழுதிக்கொள்கிறாயா என்று கேட்டாள்.

"திருப்பி அனுப்பிடுவார்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள் பாப்பா. குடும்பச் சூழ்நிலை என்பதன்மேல் அழுத்தி எழுதினாள்.

டீச்சர் இத்தனை வருடமும் யாருக்கும் எதுவும் கெட்டது செய்ததாக நினைத்ததில்லை. இப்போது அந்த வரிசையில் நின்றுகொண்டு, பையிலிருந்த மற்ற பதினெட்டிலும் அந்த இரண்டு வார்த்தைக்கு அடியில் என்னென்ன கிடக்கிறதோ என்று நினைத்தாள்.

கண்ணாடிக்காரர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். நகலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இன்றைய தேதியிட்ட நகலா என்று ஒரு முறை முறைத்தார். மணி ஐந்தாகப் பத்து நிமிடம் இருக்கும்போது பத்தொன்பதாவது முத்திரை விழுந்தது. ரசீதில் பாப்பாவின் பெயரும் தேர்வு எண்ணும் இருந்தன. இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு ஒரு பள்ளித் தாளில் அவள் பெயர்.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். இரண்டு பேரும் வெளியே வந்தார்கள்.

படியில் அவன் நின்றுகொண்டிருந்தான். சீருடையைக் கூட மாற்றவில்லை. ஓடிவந்த வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் நான்காக மடித்த ஒரு தாள். அவன் பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது நான்கு பத்து. தவறாகச் சொல்லிவிட்டேன் என்று கைப்பட எழுதியே கொண்டுவந்திருக்கிறான். பூட்டிக்கொண்டிருந்த எழுத்தர், புகார் பதிவாகிவிட்டது, இனி அதை எடுக்க முடியாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். சாட்சி யார் என்பதையும் சொல்லியிருக்கிறாள்.

"பத்து நிமிஷம்" என்றான் மனைவியிடம். "பத்து நிமிஷம் இருந்திருக்கக் கூடாதா?"

அவனைப் பார்க்க டீச்சருக்குப் பரிதாபமாக இருந்தது. போட்ட கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. இரண்டும் ஒரே சமயத்தில் இருந்தன, அதுதான் அவளுக்கு வேதனை.

பாப்பா ரசீதை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு அண்ணன் எதிரே வந்து நின்றாள். சாதாரணமாக, வழி விசாரிப்பதுபோலக் கேட்டாள்.

"அண்ணா, நான் எதனால செத்தேன்னு அவங்க உன்ன கேக்கலையா?"

அவன் படியைப் பார்த்தான். "கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

"காய்ச்சல்னு சொன்னேன். மூணு நாள் காய்ச்சல்."

"யாரு பாத்துக்கிட்டாங்களாம் என்ன?"

அவன் உதடு கோணியது. தாளை இன்னும் சின்னதாக மடித்தான்.

"நான்தான்னு சொன்னேன். மூணு நாளும் உன் பக்கத்துலயே இருந்தேன்னு சொன்னேன்."

பாப்பா தலையாட்டினாள். வீட்டுக்குப் போகிற பஸ் அலுவலக வாசலிலேயே நிற்கும். அவள் இரண்டு பக்கமும் பார்த்துச் சாலையைக் கடந்து, எதிர்ப்பக்க நிறுத்தத்தில் போய் நின்றுகொண்டாள்.